மண்ணெண்ணெயில் குளித்த கேமரா

கேமராவை மேஜைமேல் வைப்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. அஃப்ஷான் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பழவேற்காடு கடைத்தெருவுக்குப் பின்சந்தில் இருக்கும் அவள் வீட்டு முன்னறைக்கு எத்தனையோ வாடைகளோடு போன்கள் ரிப்பேருக்கு வந்திருக்கின்றன. இறால் வாடை, நண்டு வாடை, பிள்ளை மூத்திரம், ஒருமுறை கருவாட்டுக் குழம்பு. மண்ணெண்ணெய் வாடையோடு இதுவரை எதுவும் வந்ததில்லை.

கொண்டுவந்தவள் ஜாக்குலின். ஏரிக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பத்துக்காரி. இடுப்பில் மூன்றரை வயது மகள் அல்போன்சா. போன நவம்பரில் ஜாக்குலினின் புருஷன் சந்தியாகு முகத்துவாரத்தில், மீன்பிடிக்கப் போன போட்டு கவிழ்ந்து செத்துப்போனான். மூன்றாம் நாள்தான் கரை ஒதுங்கினான். பெட்டியை ஆணியடித்து மூடியே கொண்டுவந்தார்கள். பெண்டாட்டிக்குக்கூட முகத்தைக் காட்டவில்லை. பார்க்கிற மாதிரி இல்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவளும் கெஞ்சிப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டது தப்பு என்று இப்போது தோன்றுகிறது அவளுக்கு.

"இன்னா ஜாக்கு இது? இதுக்குள்ள இன்னாத்த ஊத்தின?"

"கிருஷ்ணாயிலுக்கா."

அஃப்ஷான் மூக்கைப் பொத்திக்கொண்டு கேமராவைத் திருப்பிப் பார்த்தாள்.

"டிசம்பர் மழைல வூட்டுக்குள்ள தண்ணி வந்துச்சில்ல? கட்டிலுக்கு அடில பொட்டில இருந்துச்சு. முழுகிப்போச்சு. எங்க வூட்டுக்காரரு போட்டு இன்ஜினு தண்ணில முழுகினா இன்னா பண்ணுவாரு தெரியுமா? உப்புத் தண்ணி காயறதுக்குள்ள நல்ல தண்ணில அலசுவாரு. அப்பால கிருஷ்ணாயில்ல ஊற வெப்பாரு. உப்பு கடிக்காதுன்னுவாரு. ரெண்டு தபா எங்க இன்ஜினு அப்டித்தான் பொயச்சுது. நானும் அதே மாரி ரெண்டு கொடம் நல்ல தண்ணில அலசிட்டு, டப்பால கிருஷ்ணாயில் ஊத்தி ஊற வெச்சேன். அப்பறம் தொடைச்சு, துணில சுத்தி வெச்சுட்டேன். தொடறதுக்கு மனசு வரல."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அஃப்ஷான் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். கேமராவை மண்ணெண்ணெயில் குளிப்பாட்டிய கதை சந்து முழுக்க ஒரு மாதம் ஓடியிருக்கும். ஆனால் அந்தப் பெண் அதைச் சொன்ன விதத்தில், பரீட்சையில் எல்லா விடையும் சரியாக எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கிற பிள்ளையின் முகம் இருந்தது. புருஷன் செய்ததை அப்படியே செய்திருக்கிறாள். இதில் எங்கே சிரிப்பது?

"இப்போ இன்னா அவசரம்?"

"அடுத்த மாசம் வருஷப் பூசைக்கா. பேனர் போடணும். செத்தப்போ கல்யாண போட்டோவ வெச்சு அடிச்சாங்க. அதுல அவரு ஓணான் மாரி இருக்காரு, மீசகூட இல்ல. இது அந்த பேனரப் பாத்துட்டு, யாருமா இந்த அண்ணன்னு கேக்குது." ஜாக்குலின் மகளின் தலையைத் தடவினாள். "பொன்னேரில பேனர் கடைக்காரரு ஆதார் கார்டு ஜெராக்ஸ் கேட்டாரு. குடுத்தேன். பெருசு பண்ணா கரி அப்புன மாரி வருது."

ஆதார் கார்டில் இருக்கிற முகத்தைப் பெற்ற தாயே அடையாளம் சொல்ல முடியாது என்பது ஊரறிந்தது. சந்தியாகுவின் போன் அவனோடு கடலுக்குள் போய்விட்டது. ஜாக்குலினிடம் இருப்பது பட்டன் போன். கூட்டாளிகளின் போன்களில் தேடியாயிற்று. எங்கோ ஓரத்தில், தலையில் துண்டோடு, கட்டைவிரல் நகம் அளவுக்கு நிற்கிறான்.

"ஆனா இதுக்குள்ள அவரு மூஞ்சி இருக்குதுக்கா. மாதா திருவிழாவுல கொடிமரத்தாண்ட வெள்ளச் சட்ட போட்டு நின்னாரு. நானே எடுத்தேன். எடுக்கத் தெரியாதுன்னேன், அமுக்கு போதும்னாரு. அமுக்கினேன். நல்லா வந்துச்சு. சிரிச்சிக்கினு இருந்தாரு. அது மட்டும் எடுத்துக் குடுத்துடுக்கா. கேமரா எக்கேடோ கெட்டுப் போவட்டும்."

அந்தப் படம் இந்தக் கேமராவுக்குள் இல்லை என்பது அஃப்ஷானுக்குத் தெரியும். அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"மூணு நாள் குடு," என்றாள்.

அஃப்ஷானிடம் பெண்கள்தான் வருவார்கள். கடைத்தெருவில் மூன்று செல்போன் கடைகள் இருக்கின்றன, மூன்றிலும் ஆம்பளைகள். போனுக்குள் குளித்துத் தலை காயவைக்கிற படம் இருக்கும், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற படம் இருக்கும், புருஷனுக்கு மட்டும் அனுப்பிய படம் இருக்கும். அதையெல்லாம் கண்டவன் கையில் கொடுக்க முடியுமா? அதனால் பொன்னேரியில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்து அவள் வீட்டிலேயே மேஜை போட்டபோது, பஜார் கடைகளுக்குப் பாதி வியாபாரம் போயிற்று. அவள் புருஷன் பஷீர் மீஞ்சூர் கம்பெனிக்கு வேலைக்குப் போனதும் பக்கவாட்டுக் கதவு திறக்கும். அவளிடம் ஒரே ஒரு கட்டளை உண்டு. போனுக்குச் சொந்தக்காரி பக்கத்தில் உட்காராமல் யாருடைய படத்தையும் திறக்க மாட்டாள். தாயாகவே இருந்தாலும் மகளின் போனைத் திறக்கச் சொல்லக்கூடாது. அந்த ஒரு கட்டளைக்காகத்தான் இத்தனை பேர் அவளை நம்பினார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வருஷம் செப்டம்பரில் கர்வம் கவிழ்த்துவிட்டது. மாதா திருவிழா முடிந்த மறுவாரம் கேமராவைக் கொண்டுவந்தது சந்தியாகு. ஆம்பளை என்பதால் உள்ளே வரவில்லை. பக்கவாட்டுக் கதவின் திரைக்கு வெளியே நின்றுகொண்டு கையை மட்டும் நீட்டினான். கேமராவில் கார்டு எரர் என்று வந்தது. ஃபார்மட் பண்ணட்டுமா என்று அதுவே கேட்டது. முறையாக என்ன செய்திருக்க வேண்டும்? கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு, உள்ளே இருப்பதை முதலில் எடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் எடுத்தால் படங்கள் வரிசையாகத் திரையில் வரும். சொந்தக்காரன் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்நிய ஆம்பளையை உள்ளே கூப்பிட்டு மேஜையில் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது. அவனோ, "சீக்கிரம் தாங்கக்கா, போட்டு நிக்குது, காத்து திரும்பிடும்," என்று அவசரப்படுத்தினான். வீட்டுக்காரியை நாளைக்கு அனுப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழுத்திவிட்டாள்.

பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள். ஃபார்மட் செய்த பிறகும் கார்டு வேலை செய்யவில்லை. அதைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள். "கார்டு செத்துப்போச்சு. வேற வாங்கிப் போடுங்க. அதுவரைக்கும் கேமராவுக்குள்ளயே பத்துப் பன்னண்டு படம் நிக்கும்," என்று திரைக்கு வெளியே நீட்டினாள். தான் அழித்ததைச் சொல்லவில்லை. சந்தியாகு சிரித்தான். "போனா போவுதுக்கா. மூஞ்சி இங்கதான கீது, திரும்ப எடுத்துக்கலாம்," என்றான். அந்தச் சிரிப்பைத் திரைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டதுதான், பார்க்கவில்லை.

ஃபார்மட் ஆன கார்டிலிருந்தும் படங்களைத் திரும்ப எடுக்க வழி உண்டு என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டாள். கார்டு இருந்தால்தானே? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. என்ன என்று பஷீர் கேட்டான்; தலைவலி என்றாள்.

இப்போது ஒரே ஒரு நம்பிக்கைதான். செப்டம்பருக்கும் நவம்பருக்கும் நடுவில் அவன் புதுக் கார்டு வாங்கவில்லை. கார்டு போடுகிற இடம் காலியாகத்தான் இருந்தது. அப்படியானால் அந்தப் பத்துப் பன்னிரண்டு படங்கள் கேமராவின் சர்க்யூட் பலகைக்குள்ளேயே இருக்கும். அதில் ஒன்றிலாவது அவன் முகம் இருக்க வேண்டும். ஒன்று போதும். "யா அல்லாஹ், ஒண்ணே ஒண்ணு," என்று சொல்லிக்கொண்டுதான் மறுநாள் காலையில் திருகுகளைக் கழற்றினாள்.

பேட்டரி உப்பியிருந்தது. அதைத் தூரப் போட்டுவிட்டு, மேஜையில் இருக்கும் பவர் சப்ளையிலிருந்து இரண்டு ஒயர் இழுத்துக் கொடுத்தாள். பட்டனை அழுத்தியதும் லென்ஸ் கால்வாசி வெளியே வந்து, கறகறவென்று அரைத்து, நின்று, மூன்று தடவை கூவிவிட்டு அணைந்துபோனது. மறுபடி அழுத்தினாள். அதே அரைப்பு, அதே கூவல். திரை பால் ஊற்றினது போல வெளுத்துக் கிடந்தது.

ஏரித் தண்ணீர் குடித்த சாமானைத் திறந்தால் பலகை முழுக்கப் பச்சை பூத்திருக்கும். செம்பை உப்பு தின்றிருக்கும். பின்மூடியைக் கழற்றியபோது அதைத்தான் அவள் எதிர்பார்த்தாள். ஃபிளாஷுக்குக் கரண்ட் தேக்கி வைக்கும் குப்பியில் கை படாமல் (ஒருமுறை பட்டு முழங்கை வரை உதறியிருக்கிறது) பலகையை மெல்லத் தூக்கி விளக்கடியில் திருப்பினாள்.

பச்சை இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. ரப்பரெல்லாம் ஊறி உப்பியிருந்தது, லென்ஸின் பிளாஸ்டிக் பற்கள் கோணிக்கொண்டிருந்தன, திரை நாசம். ஆனால் பலகை எண்ணெய்ப் பிசுக்கோடு சுத்தமாக இருந்தது. உப்பு கடிக்கவில்லை. ஊரே சிரிக்கும் என்று அவள் நினைத்த அந்த மண்ணெண்ணெய்தான் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. படித்த தான் அழித்ததையும் படிக்காத அவள் காத்ததையும் நினைத்து அஃப்ஷானுக்கு வெட்கமாக இருந்தது.

பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஸ்பிரிட் தொட்டு, சிப்புகளின் ஒவ்வொரு காலாகத் தேய்த்துப் பிசுக்கை எடுத்தாள். லென்ஸ் இனி அசையாது, அது போகட்டும். லென்ஸை எழுப்பினால்தானே கூவி அணைகிறது? எடுத்த படத்தைப் பார்க்கிற பட்டனை அழுத்திப் பிடித்தால் லென்ஸைத் தொடாமலே கேமரா விழிக்கும். அந்தப் பட்டனும் ஊறிப் போயிருந்தது. பட்டனுக்கு அடியிலுள்ள இரண்டு புள்ளிகளையும் இடுக்கி முனையால் சேர்த்துப் பிடித்தாள். சின்னப் பச்சை விளக்கு ஒன்று எரிந்தது.

கேபிளைச் சொருகியதும் லேப்டாப் அதைக் கண்டுகொண்டது. ஒரு நிமிஷம் எரியும், அணையும். மறுபடி இடுக்கி. நாலைந்து முறை அணைந்து எரிந்து, மதியத் தொழுகைக்கு பாங்கு சொல்லும்போது எல்லாம் வந்து சேர்ந்திருந்தது. பதினொரு படங்கள்.

திறக்கவில்லை. திறந்தால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? திறந்து பார்த்து, முகம் இருந்தால் கூப்பிடலாம். இல்லையென்றால் கேமரா செத்துப்போச்சு என்று சொல்லிவிடலாம், போன தடவை சொன்ன மாதிரி. கையை மவுஸ்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். போன தடவை என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோதுதான் கூசிற்று. லேப்டாப்பை மூடிவிட்டு, ஜாக்குலினுக்குப் போன் போட்டு வரச் சொன்னாள்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். முகம் கழுவி, பூ வைக்காத தலையை வழித்து வாரியிருந்தாள். அல்போன்சாவைத் தரையில் உட்கார வைத்து, கையில் ஒரு பன்னைக் கொடுத்துவிட்டு, மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நானும் இன்னும் பாக்கல ஜாக்கு. ரெண்டு பேரும் சேந்துதான் பாக்கப்போறோம்."

முதல் படம், கூடை நிறைய நண்டு. இரண்டாவது, வீட்டு வாசலில் காயப்போட்ட புதுவலை. மூன்றாவதில் ஜாக்குலின் மீன் கழுவுகிறாள். படம் எடுக்காதே என்று கையை நீட்டி முகத்தை மறைக்கிறாள். "சொன்னா கேக்க மாட்டாரு," என்றாள் ஜாக்குலின். அவள் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. நாலாவது, கோயில் கவுனில் அல்போன்சா. ஐந்தாவதும் அதே கவுன், அழுகிறாள். ஆறாவது, போட்டின் மூக்கு. புதிதாக அடித்த நீலப் பெயிண்ட். ஏழாவது, பக்கத்து வீட்டு நாய். "நாய எடுத்துக் கீறாரு பாரு," என்றாள். எட்டாவதில் ஜாக்குலின் தூங்குகிறாள், வாயைத் திறந்துகொண்டு. "ஐயோ," என்று தலையில் கைவைத்தாள். ஒன்பதாவது, ஏரி. பத்தாவது, மறுபடி ஏரி, கொஞ்சம் சாய்ந்து.

எல்லாவற்றையும் பிடித்தவன் அவன்தான். பிடித்தவன் எதிலும் இல்லை. இது இரண்டு பேருக்கும் ஆறாவது படத்திலேயே புரிந்துவிட்டது. பத்தாவது படத்தில் ஜாக்குலினின் கை அஃப்ஷானின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"இன்னும் ஒண்ணு இருக்குது," என்றாள் அஃப்ஷான்.

பதினோராவது படம் கோணலாக விரிந்தது. வீட்டு வாசற்படி. மடித்துக் கட்டிய பச்சைக் கட்டம் போட்ட கைலி. மண் ஒட்டிய இரண்டு முழங்கால்கள், இடது காலில் ஆளிச் சிப்பி கிழித்த வடு. பட்டன் போடாத சட்டை. கீழே குனிந்து, விரல்களை விரித்து, படம் எடுப்பவரை நோக்கி நீண்டு வருகிற ஒரு பெரிய கை. கழுத்துவரைதான் இருந்தது. அதற்கு மேல் படம் முடிந்துவிட்டது.

"பாப்பா எடுத்தது," என்றாள் ஜாக்குலின் மெதுவாக. "கேமராவத் தூக்கினு ஓடுச்சு. புடுங்கப் போனாரு." பிறகு திரையின் மேல்விளிம்பை விரலால் தடவினாள். "மூஞ்சி எங்கக்கா? மேல தள்ளிப் பாரேன். கொஞ்சம் மேல தள்ளு."

"அவ்ளோதான் ஜாக்கு. அதுக்கு மேல இல்ல."

"திருவிழாவுல நான் எடுத்தது?"

அஃப்ஷான் லேப்டாப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "அது கார்டுல இருந்துச்சு. கார்டு செத்துப்போச்சுன்னு அவராண்ட சொன்னேன். அது தானா சாவல. நான்தான் அழிச்சேன். அவரு வெளிய நின்னாரு, அவசரம்னாரு. உள்ள இருக்கறத எடுத்து வெக்காம அமுக்கிட்டேன். கார்டையும் தூக்கிப் போட்டுட்டேன். ஒரு வருஷமா உங்கிட்ட சொல்லல."

ஜாக்குலின் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் பிடித்திருந்த மணிக்கட்டை விட்டாள், அவ்வளவுதான். விட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டியயும் தொறக்கல," என்றாள் கடைசியில். "கெஞ்சினேன். தொறக்கல. சரி, படத்துல பாத்துக்கலாம்னு இருந்தேன். எனக்கு அவரு மூஞ்சி மறந்துகினே வருதுக்கா. மீச நெனப்பு வருது, கண்ணு வரல. யாராண்ட போய் இதச் சொல்லுவேன்?" சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அஃப்ஷானும் அழுதாள், ஆனால் தனக்கு அந்த உரிமை இல்லை என்று தோன்றியதால் சத்தமில்லாமல் அழுதாள்.

பெரியவர்கள் அழுகிற சத்தத்தில் அல்போன்சா எழுந்து வந்தாள். பன் தின்ற வாயோடு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எக்கினாள். அவள் கண்ணுக்கு நேராக லேப்டாப் திரை இருந்தது. அந்தக் கைலி, அந்த முழங்கால், அந்த வடு, குனிந்து வருகிற அந்தக் கை. பேனரில் இருந்த முகத்தைப் பார்த்து யாரு இந்த அண்ணன் என்று கேட்ட பிள்ளை, ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நைனா," என்றாள்.

ஜாக்குலின் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

அவள் உயரத்துக்கு அப்பன் என்றால் இதுதான். முகமெல்லாம் எங்கோ மேலே இருந்தது. தினமும் அவள் கண்ணுக்கு நேரே வந்து நின்றது இந்த முழங்காலும் இந்தக் கையும்தான். அல்போன்சா பன்னைக் கீழே போட்டாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, திரையைப் பார்த்து, "நைனா, தூக்கு," என்றாள்.

அஃப்ஷானுக்குத் தாங்கவில்லை. லேப்டாப்பை மூடப் போனாள்.

"மூடாதக்கா," என்றாள் ஜாக்குலின். "இருக்கட்டும்."

பிள்ளை தூக்கிய கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து, இன்னும் கொஞ்சம் எக்கி, மறுபடி கூப்பிட்டாள்.